பொம்மை உண்மையிலேயே மலிவாச்சா? அப்பாவின் கணக்கு நோட்டும் ஒரு அமெரிக்க வரைபடமும்

காலேஜ் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் போன மாசம் ஒரு வரைபடம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் மார்க் பெர்ரி பல வருஷமா புதுப்பிச்சுப் போடுற படம் அது. மேலே ஏறுற சிவப்புக் கோடுகள் ஆஸ்பத்திரி, காலேஜ் கட்டணம், குழந்தைக் காப்பகம். கீழே இறங்குற நீலக் கோடுகள் டிவி, சாஃப்ட்வேர், பொம்மை. 2000-ஐ ஒட்டி ஆரம்பிச்சு இருபது வருஷத்துல பொம்மை விலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்திருக்கு என்று அந்தப் படம் சொல்லும். அனுப்பினவன் கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: "அதான் மச்சி, வீடு பூரா பொம்மை, பாக்கெட்ல பைசா இல்ல."

எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அதுமட்டுமில்லை, இரண்டு வருஷம் முன்னாடி இதே பக்கத்துல "எல்லாம் ஏறிடுச்சுன்னு புலம்பாதீங்க" என்று ஒரு கட்டுரை எழுதி, அதே படத்தை சாட்சிக்குக் கூப்பிட்டவன் நான்தான். அதனால இது கொஞ்சம் என் மேலேயே வைக்கிற விமர்சனம். படம் தப்பு என்று நான் சொல்ல வரலை. அது அமெரிக்காவின் படம். தாம்பரத்துக்கு அதை அப்படியே இழுத்துட்டு வந்தது என் தப்பு.

மறுபடி யோசிக்க வைச்சது ஒரு நோட்டு. மேற்குத் தாம்பரம் வீட்டில் பரண் சுத்தம் பண்ணும்போது அப்பாவின் வரவு செலவு நோட்டுகள் ஒரு கட்டு கிடைச்சது. அப்பா குரோம்பேட்டை பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த அன்னிக்கு ஆரம்பிச்சு மாசக் கடைசி வரை பால், அரிசி, கெரசின், சீசன் டிக்கெட் எல்லாம் எழுதுவார். 1989 அக்டோபர், தீபாவளி மாசம். சம்பளம் 1,850. கீழே, பட்டாசுக்கும் அம்மா புடவைக்கும் நடுவில்: "சின்னவனுக்கு கார் – 42.00."

அந்தக் கார் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு. பின்னாடி இழுத்து விட்டா ஓடும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அப்பா எனக்குக் கடையில் பொம்மை வாங்கித் தந்ததா ஞாபகமே இல்லை. "எங்கப்பா பொம்மை விஷயத்துல கஞ்சன்" என்று நான் பல இடத்துல சொல்லியிருக்கேன், என் பையன்கிட்டயும்.

சரி, அந்த 42 ரூபாய் இன்னிக்கு எவ்வளவு?

இதுக்கு இந்தியாவில் நல்ல கருவி தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. பஞ்சப்படி கணக்குப் போடுறது இதை வச்சுத்தான். அப்பா மாதிரி ஆட்களின் செலவை அளக்கவே உருவான குறியீடு என்பதால் இங்கே பொருத்தமும்கூட. சிக்கல் என்னன்னா, அடிப்படை ஆண்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க. 1982 = 100 என்று ஒரு வரிசை, பிறகு 2001 = 100, இப்போ 2016 = 100. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இணைப்புக் காரணி தருவாங்க: 2016 வரிசையை 2001-க்குக் கொண்டுபோக 2.88-ஆல் பெருக்கணும், அங்கிருந்து 1982-க்கு 4.63-ஆல். 2024-இன் பன்னிரண்டு மாச சராசரி 141.6 அளவில் வருது. பெருக்கினா 1982 வரிசையில் சுமார் 1,890. 1989-90-க்கு அதே வரிசையில் சராசரி 173. ஆக விலைவாசி ஏறத்தாழ 11 மடங்கு. துல்லியமா 10.9.

42 × 10.9 = 458 ரூபாய்.

சண்முகம் ரோட்டில் இப்போ போய் அதே சைஸ், அதே மாதிரி இழுத்து விடுற கார் கேட்டேன். 180-லிருந்து 250 வரை காட்டினாங்க. அதாவது பணவீக்கத்தைக் கழிச்சா பாதி விலை, சில கடையில் பாதிக்கும் கீழே. வாட்ஸப் படம் ஜெயிச்ச மாதிரித்தான் தெரியுது. சம்பளத்தை வச்சுப் பார்த்தா வித்தியாசம் இன்னும் பெருசு. மாசம் 26 வேலை நாள் என்று வச்சா அப்பாவுக்கு ஒரு நாள் கூலி 71 ரூபாய். அந்தக் கார் அரை நாளைக்கும் அதிகமான உழைப்பு. சம்பளத்தில் 2.3 சதவீதம். இன்னிக்கு 25,000 வாங்குற ஒருத்தர் 570 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கார் வாங்கின மாதிரி. நான் அவரை விடப் பல மடங்கு சம்பாதிக்கிறேன். 570 ரூபாய் காரை என் பையன் கேட்டா, "எதுக்குடா இவ்வளவு" என்றுதான் முதல்ல சொல்வேன்.

அதே பக்கத்துல, மூணு வரி கீழே, "கண்ணாடி ஃப்ரேம் – அடுத்த மாசம்" என்று இருந்தது. நவம்பர் பக்கத்துலயும் அதே வரி இருந்தது. கஞ்சன் கதையை நான் இத்தோட நிறுத்திக்கிறேன்.

ஆனா ஒரு கார், ஒரு நோட்டு வச்சுக்கிட்டு "பொம்மை மலிவாச்சு" என்று முடிக்க முடியாது. அங்கேதான் எனக்கு அந்தப் படத்தோட சண்டை ஆரம்பிக்குது.

முதல் கேள்வி, அந்த நீலக் கோடு எப்படி வரையப்படுது? விலைக் குறியீடு கணக்கிடுறவங்க அதே கடைக்குப் போய், அதே பொருளின் விலையை மாசாமாசம் எடுக்கணும். அரிசிக்கும் சோப்புக்கும் இது சுலபம். பொம்மை அப்படியில்லை. ஒரு சினிமா, ஒரு கார்ட்டூன் வந்தா அதோட பொம்மை வரும், எட்டு மாசத்துல தள்ளுபடிக் கூடைக்குப் போகும், அப்புறம் மறைஞ்சிடும். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வரும்.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பாருங்க. ஜனவரியில் ஒரு பொம்மை 500 ரூபாய்க்கு வருது. டிசம்பருக்குள்ள 350-க்கு இறங்கிடுது. அதை எடுத்துட்டு, புது மாடலை மறுபடி 500-க்கு வைக்கிறாங்க. கணக்கெடுக்கிறவர், "இது வேற பொம்மை, பழசோட ஒப்பிடக் கூடாது" என்று இணைச்சு விட்டார்னா, 500-லிருந்து 350-க்கு இறங்கினது பதிவாகும், 350-லிருந்து 500-க்கு ஏறினது பதிவாகாது. முதல் வருஷக் கடைசியில் குறியீடு 70. இரண்டாவது வருஷம் 49. மூணாவது வருஷம் 34. மூணே வருஷத்துல பொம்மை விலை மூணுல ஒரு பங்காயிடுச்சு! ஆனா ஒவ்வொரு ஜனவரியும் கடை அலமாரியில் இருக்கிறது 500 ரூபாய் பொம்மைதான். அப்பன் பாக்கெட்டிலிருந்து போறதும் 500-தான்.

அமெரிக்கப் புள்ளியியல்காரங்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. ஒப்பிடக்கூடிய மாற்றுப் பொருளைத் தேடுறது, தரத்துக்குத் திருத்தம் போடுறது என்று வழிமுறைகள் வச்சிருக்காங்க. மொத்த வீழ்ச்சியும் இந்தக் கணக்கு வித்தைதான் என்று நான் சொன்னா அது அபத்தம். நிஜமாவே விழுந்திருக்கு என்பதுக்கு ஹாட் வீல்ஸ் காரே சாட்சி. 1968-ல் அறிமுகமானப்ப விலை 59 சென்ட். அமெரிக்க விலைவாசி அதுக்கப்புறம் 9 மடங்கு ஆயிருக்கு, அப்படின்னா இன்னிக்கு 5 டாலர் 30 சென்ட் இருக்கணும். அங்கே ஒன்றேகால், ஒன்றரை டாலருக்குக் கிடைக்குது. அதே உள்ளங்கைக் கார், அதே அளவு. இது கணக்கு வித்தை இல்லை. நான் சொல்றது, மொத்தக் கோட்டின் சரிவில் ஒரு பங்கு அளவுகோலின் சாய்வா இருக்கலாம் என்பதுதான். வாட்ஸப்பில் சுத்துற படத்துல அந்த அடிக்குறிப்பு வராது.

(போன மாசம் அதே ஹாட் வீல்ஸ் ஒண்ணு பையனுக்கு வாங்கினேன். 179 ரூபாய். ஒன்றேகால் டாலர் என்பது நூறு ரூபாய்ச் சொச்சம். உலகம் பூரா ஒரே காருக்கு ஒரே விலை இல்லை.)

இரண்டாவது கேள்வி, நம்ம ஊர்க் கோடு எங்கே? இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012 அடிப்படை வரிசையில், பொழுதுபோக்கு என்கிற மொத்தத் துணைக்குழுவுக்கே எடை 100-க்கு 1.68. கல்விக்கு 4.46. உணவுக்கு 45.86. அந்த 1.68-க்குள்ள சினிமா டிக்கெட், கேபிள் எல்லாம் போக, பொம்மை ஒரே வரியில் விளையாட்டுச் சாமானோட சேர்ந்து உட்கார்ந்திருக்கும். கிரிக்கெட் மட்டையும் கிலுகிலுப்பையும் ஒரே பெட்டி. இரண்டு வேற தொழில், வேற மூலப்பொருள், வேற வரி. வில்லோ கட்டை விலை ஏறினா பொம்மை ஏறின மாதிரி காட்டும். அதனால "இந்தியாவில் பொம்மை விலை இத்தனை சதவீதம்" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னா, அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேளுங்க.

எண் சரியா இல்லாத இடத்துல வரலாறு கொஞ்சம் உதவும். அமெரிக்கக் கோடு ஒரே சீரா இறங்குது. நம்ம ஊரில் மூணு காலம் இருக்கு, மூணும் மூணு திசை.

முதல் காலம் அப்பாவோட கார் காலம். பொம்மைத் தயாரிப்பு அப்போ சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் பொம்மையை வியாபாரத்துக்கு இறக்க அனுமதி கிடைக்காது. 'ஃபாரின் சாமான்' வேணும்னா பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார், இல்லைன்னா துபாயிலிருந்து வர்ற மாமா. உள்ளூர்ப் பொம்மை ஏன் அவ்வளவு விலை என்பதைப் புரிஞ்சுக்க அச்சுக் கணக்கு ஒண்ணு போதும். பிளாஸ்டிக் பொம்மையில் பெரிய செலவு பிளாஸ்டிக் இல்லை, எஃகு அச்சு. ஒரு அச்சு 5 லட்சம் என்று வைங்க. அதில் 10,000 கார் அடிச்சா, ஒரு காரின் தலையில் 50 ரூபாய் அச்சுச் செலவு விழும். 5 லட்சம் கார் அடிச்சா 1 ரூபாய். சின்னப் பட்டறைக்கு 5 லட்சம் கார் அடிக்க இடமும் கிடையாது, விற்கச் சந்தையும் கிடையாது. பெரிய அளவில் செய்ய வந்த சிலரில் நம்ம சென்னை ஃபன்ஸ்கூல் ஒண்ணு, 1987-ல் எம்.ஆர்.எஃப்.பும் அமெரிக்க ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஆரம்பிச்சது. அது எங்க தெருவில் பணக்கார வீட்டுப் பொம்மை. நாங்க கண்ணாடி வழியா பார்த்தது.

இரண்டாவது காலம் 2001-இல் ஆரம்பிக்குது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா போட்ட வழக்கில் தோத்த பிறகு, நுகர்வுப் பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா எடுத்தது. கடைசித் தவணை 2001 ஏப்ரல் 1. அதே வருஷ டிசம்பரில் சீனாவும் அந்த அமைப்பில் சேர்ந்தது. குவாங்டோங் மாகாணத்தில் செங்ஹாய் என்று ஒரு வட்டாரம், ஊர் முழுக்கப் பொம்மைத் தொழிற்சாலை. அங்கே ஒரு அச்சில் உலகத்துக்கே அடிக்கிறாங்க, நம்ம தலைக்கு விழுறது அந்த 1 ரூபாய்தான். அப்போதான் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பத்து ரூபாய்க்கு விளக்கு எரியுற பம்பரம் வந்தது. ஓட்டுறவர் இல்லாம ஓடுற ரயில், முழங்காலில் தவழ்ந்துக்கிட்டே துப்பாக்கி சுடுற சிப்பாய். எனக்கு 2002-ல் வேலை கிடைச்சது. முதல் சம்பளத்தில் அக்கா பையனுக்கு ரிமோட் கார் வாங்கினேன், யோசிக்கவே இல்லை. வாட்ஸப் படம் நம்ம ஊருக்கு உண்மையாப் பொருந்துறது இந்த இருபது வருஷத்துக்கு மட்டும்தான்.

மூணாவது காலம் 2020. பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு. 2023-ல் 70. நடுவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம பொம்மை விற்கவே கூடாது என்று தரக்கட்டுப்பாட்டு ஆணை. 100 ரூபாய்க்குத் துறைமுகம் வந்து இறங்குற பொம்மையை எடுத்துக்குங்க. அடிப்படைச் சுங்க வரியும் 12 சதவீத ஜி.எஸ்.டி.யும் மட்டும் போட்டா, பழைய கணக்கில் 134 ரூபாய் 40 காசு. 70 சதவீதத்தில் 190 ரூபாய் 40 காசு. கடைக்காரர் லாபம் இதுக்கு மேலே. இறக்குமதி 2018-19-ல் 37 கோடி டாலர் அளவில் இருந்தது, 2021-22-ல் 11 கோடி டாலருக்குச் சுருங்கிச்சு. இதை அரசாங்கம் வெற்றி என்று சொல்லுது. உள்ளூர்த் தொழிலுக்கு அது வெற்றியாவே இருக்கலாம். ஆனா வாங்குற ஆளுக்கு, இருபது வருஷமா இறங்கின கோடு அங்கே நிமிர்ந்துடுச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் எலெக்ட்ரானிக் இல்லாத பொம்மைக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆகியிருக்கு. அதே உதாரணத்தில் 190 ரூபாய் 178 ஆகும். செல் போட்டு ஓடுற பொம்மைக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கு. என் பையன் கேட்கிறதெல்லாம் செல் போட்டு ஓடுறதுதான் என்பது தனிக்கதை.

இங்கே என் கட்சிக்கே எதிரா ஒண்ணு சொல்லணும். இந்தியத் தரக் கவுன்சில் 2019-ல் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதிச்சுப் பார்த்தப்ப ஏறக்குறைய 67 சதவீதம் தேறலை. அந்தப் பத்து ரூபாய்ப் பம்பரத்தை அக்கா பையன் வாயில் வச்சுக் கடிச்சுக்கிட்டே இருப்பான். அதன் பெயிண்ட்டில் என்ன இருந்தது என்று நாங்க யாரும் கேட்டதே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோட வர்ற பொம்மை 40 ரூபாய் கூடன்னா, அது விலையேற்றமா, இல்லை நாம வேற, நல்ல பொருளை வாங்குறோமா? குறியீடு கணக்கிடுறவர் தரத் திருத்தம் போட்டா இது விலையேற்றமே இல்லை. வாங்குற அம்மாவுக்கு அது விலையேற்றம்தான். இரண்டு பேரும் பொய் சொல்லலை.

அம்மாகிட்ட இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். "பொம்மை விலை குறைஞ்சிருக்கும்மா, நிஜமா" என்றேன். அம்மா கேட்டாங்க, "எந்தப் பொம்மை? கொலு பொம்மையா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, போய்க் கணக்குப் போட்டேன். 1992 நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கின தசாவதார செட், நோட்டில் 120 ரூபாய். 1992-93-க்குக் குறியீடு 240. அப்படின்னா இன்னிக்கு 945 ரூபாய் ஆகணும். இந்த வருஷம் அதே உயரத்தில் கேட்டப்ப 2,500-க்குக் கீழே பேச்சே இல்லை. பணவீக்கத்தைக் கழிச்ச பிறகும் இரண்டரை மடங்குக்கு மேலே. களிமண் பிசைஞ்சு, அச்சில் அழுத்தி, காயவச்சு, சுட்டு, கண் திறக்கிற வரைக்கும் கை வேலை. பண்ருட்டியிலயும் மதுரை விளாச்சேரியிலயும் ஒருத்தர் ஒரு நாளில் எத்தனை பொம்மைக்கு முகம் எழுத முடியுமோ, 1992-லயும் ஏறக்குறைய அத்தனைதான். ஆனா அவர் கூலி 1992 கூலியா இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் கூலி ஏறும்போது இவரும் ஏத்தலைன்னா அடுத்த தலைமுறை அச்சைத் தொடாது. வில்லியம் பாமோல் என்கிற பொருளாதார அறிஞர் 1960-களில் இதை இசைக் கச்சேரியை வச்சு விளக்கினார். நாலு பேர் வாசிக்கிற இசையை இரண்டு பேர் பாதி நேரத்தில் வாசிச்சு முடிக்க முடியாது, அதனால கச்சேரிச் செலவு மத்ததை விட வேகமா ஏறிக்கிட்டே இருக்கும் என்று. வாட்ஸப் படத்தில் ஆஸ்பத்திரியும் காலேஜும் சிவப்பா ஏறுறதுக்கும், எங்க அம்மாவோட தசாவதாரம் ஏறுறதுக்கும் ஒரே காரணம். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான், தஞ்சாவூர் தலையாட்டி எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆக 'பொம்மை விலை' என்று ஒரே பொருள் கிடையாது. அச்சு பொம்மை ஒரு பக்கம், கை பொம்மை எதிர்ப்பக்கம்.

இன்னொண்ணு, ஆயுள். சாஃப்ட்வேரில் நாங்க ஒரு கணக்கு வச்சிருப்போம், ஒரு கருவி பழுதாகாம சராசரியா எத்தனை மணி நேரம் ஓடும் என்று. என் சிவப்புக் கார் நாலு வருஷம் ஓடிச்சு. சக்கரம் கழண்டப்ப அப்பா சைக்கிள் கடைக் கம்பியை வளைச்சுப் போட்டார். 458 ரூபாயை நாலு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 10 ரூபாய்க்கும் கீழே. போன வருஷம் ஆன்லைனில் 220-க்கு வாங்கின கார் ஒன்பது நாள். ஸ்க்ரூ கூட இல்லை, ஒட்டி மூடியிருக்கான், திறந்தா மூட முடியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனீங்கன்னா இதைக் கண்ணால பார்க்கலாம். தரையில் விரிச்சிருக்கிற பழைய பொம்மைகளில் தகரமும் கெட்டி பிளாஸ்டிக்கும்தான் அதிகம். மலிவுப் பொம்மை செகண்ட் ஹாண்ட் ஆகிற வரைக்கும் உயிரோட இருக்கிறதில்லை. ஒரு கடைக்காரர்கிட்ட, "அண்ணே, புது சைனா கார் பழசா வர்றதில்லையா?" என்று கேட்டேன். "அது குப்பைக்குத்தான் சார் போகும், இங்க எதுக்கு வருது" என்றார். விளையாடின ஒரு மாசத்துக்கு எவ்வளவு என்று குறியீடு போட்டா, நீலக் கோடு எவ்வளவு நிமிரும் என்று எனக்குப் பார்க்க ஆசை.

இதையெல்லாம் விட என்னைத் தொந்தரவு பண்றது வேற. அப்பா நோட்டில் 1988 முதல் 1992 வரை தேடினேன். எனக்காக வாங்கின விளையாட்டுச் சாமான் என்று அந்தக் கார் 42 ரூபாய், ஒரு ரப்பர் பந்து, இரண்டு மூணு இடத்துல "கோலி, பம்பரம்" என்று சில்லறை. அவ்வளவுதான். ஆனா நாங்க விளையாடாம இருந்தோமா என்ன? செலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அப்போ பாதி மனை காலியா கிடந்தது. தண்ணி வத்தினா ஏரியே மைதானம். கில்லிக்கு மரக்கிளை, ஸ்டம்புக்குச் செங்கல். விளையாட்டுக்கு நாங்க கொடுத்த விலை ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எந்தக் குறியீட்டிலும் இல்லை, ஏன்னா காசு கொடுக்காத பொருளுக்கு எடை கிடையாது.

இன்னிக்கு அந்த மனையெல்லாம் அடுக்குமாடி. என் பையனும் அவன் நண்பர்களும் ஞாயித்துக்கிழமை டர்ஃப் எடுக்கிறாங்க, ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய், பத்துப் பேர் பிரிச்சுக்கிறாங்க. மாலில் இருக்கிற விளையாட்டுக் கூடத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா மணிக்கணக்கில் கட்டணம், சாக்ஸ் தனிக் காசு. 1989-ல் பொம்மை விலை ஜாஸ்தி, விளையாட்டு இலவசம். 2025-ல் பொம்மை மலிவு, விளையாட இடம் வாடகைக்கு. குறியீடு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு "மலிவாச்சு" என்று சொல்லுது. விளையாடுறதுக்கான மொத்தச் செலவு என்று ஒரு கோடு போட்டா அது எந்த நிறத்தில் இருக்கும்? எனக்கு சந்தேகமே இல்லை, சிவப்பு.

இங்கே ஒருத்தர் கேட்கலாம்: காலி மனைக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம், விலைக் குறியீடு விலையைத்தானே அளக்கும்? நியாயமான கேள்வி. ஆனா அந்தப் படத்தை அனுப்புறவங்க அதைப் பொம்மை விலை பற்றிய தகவலா அனுப்பலை. "குழந்தை வளர்க்கிறதில் இந்தப் பகுதி சுலபமாயிடுச்சு" என்ற வாதமா அனுப்புறாங்க. நானும் அப்படித்தான் எழுதினேன். வாதம் பெருசா இருந்தா, அதைத் தாங்குற எண்ணும் பெருசா இருக்கணும்.

இனி என்ன பண்றதா உத்தேசம்னா, சொந்தமா ஒரு சின்னக் குறியீடு. சண்முகம் ரோட்டில் மூணு கடை, குரோம்பேட்டையில் ஒரு பெரிய கடை, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு, பல்லாவரம் சந்தை. மாசம் ஒரு தடவை இருபது சாமான். இழுத்து விடுற கார், பம்பரம், செப்பு செட், கேரம் போர்டு, தலையாட்டி, சோப்பு நுரை ஊதுறது, இப்படி. ஒரு சாமான் மறைஞ்சா அதுக்குப் பதில் எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று அங்கேயே எழுதி வைப்பேன். டர்ஃப் வாடகையும் மால் கட்டணமும் தனிப் பத்தியில். முதல் மாசம் எடுத்தாச்சு. படிக்கட்டில் விளக்குப் பம்பரம் இப்போ 50 ரூபாய், பேரம் பேசினா 40.

அடிப்படை ஆண்டுக்குத்தான் ஆள் தேவை. என்கிட்ட இருக்கிறது ஒரே வீட்டு நோட்டு. உங்க வீட்டுப் பரணிலும் 1980, 90-களின் கணக்கு நோட்டு, டைரி, கடை பில் ஏதாவது இருந்தா, பொம்மை என்று ஒரு வரி இருக்கா என்று பாருங்க. பொருள், விலை, வருஷம், ஊர் இந்த நாலும் போதும். சம்பளமும் எழுதியிருந்தா இன்னும் நல்லது.